சாய்ஸ் லிஸ்ட்டுக்குள் இருக்கும் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆனால் கணிதப் பொருளாதாரம், ஆட்டக் கோட்பாடு (கேம் தியரி; ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் இடங்களுக்கான கணக்கு) போன்றவற்றை ஏட்டுச் சுரைக்காய் என்று போகிறபோக்கில் தள்ளிவிட்டிருக்கிறார் கட்டுரையாளர். அந்தச் சுரைக்காய் கறிக்கு உதவிப் பல காலமாகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் கொதிப்பது அதுதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகு, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கின்போது சாய்ஸ் லிஸ்ட் (விரும்பும் கல்லூரிகளின் வரிசைப் பட்டியல்) போட்டுக்கொடுப்பது ஒரு வேலையாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கோவைக் கல்லூரி ஒன்றை முதலிலும், உள்ளூர்க் கல்லூரியை நான்காவதாகவும் எழுதினாள். பதிவு செய்யப் போன இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், "கிடைக்காததை மேலே போட்டா கீழே இருக்கிறதும் போயிரும் சார்" என்று அவள் அப்பாவைப் பயமுறுத்தி, உள்ளூர்க் கல்லூரியை மேலே ஏற்றிவிட்டார். கிடைத்ததும் அதுவே. முதல் விருப்பமே கிடைத்துவிட்டதால் அதற்கு மேல் நகரவும் வழியில்லை. அப்புறம் பார்த்தால், அதே இடஒதுக்கீட்டுப் பிரிவில் அவளுக்குப் பின்னால் ரேங்க் வாங்கிய பையன் அந்தக் கோவைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான்.

அந்த ஆள் சொன்னதும் முழுப் பொய் இல்லை. வேறு ஊரில் அது உண்மையாக இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2005 வரை அரசுப் பள்ளி இடங்களை ஒதுக்கிய முறையில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே அதன் இடங்கள் முதலில் போகும். இரண்டாவதாகப் போட்டவர்கள் மிச்சம் இருந்தால்தான் உள்ளே வரலாம். கிராக்கியான பள்ளியை ஆசைப்பட்டு முதலில் எழுதி அது கை நழுவினால், இரண்டாவது பள்ளியும் அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசித் தந்திரமாகப் பட்டியல் போட்டார்கள். விவரம் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் ஏமாந்தார்கள். அதீலா அப்துல்காதிரோக்லு, தைஃபுன் சோன்மெஸ், ஆல்வின் ராத் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகே அந்த முறை மாறியது.

அவர்கள் கொண்டுவந்த மாற்று 1962-லேயே தயாராக இருந்தது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கணக்காகப் போட்டு, சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சமன்பாடுகள் ஏதும் இல்லாமலே படிக்கலாம். நம் ஊர் வழக்கத்தில் சொன்னால் அது ஜாதகம் வாங்கி வைத்துக்கொள்கிற முறை. வந்த ஜாதகத்துக்குப் பெண் வீட்டார் உடனே சரி என்று சொல்லிவிடுவதில்லை. இருப்பதில் நல்லதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பப்பட்டவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார். அங்கே அவரைவிடக் குறைந்த பொருத்தம் கையில் இருந்தால் அது திரும்பிவிடும், இவர் ஜாதகம் உள்ளே போகும். எல்லோரும் ஓய்ந்த பிறகுதான் தாம்பூலம். கல்லூரிகளும் இப்படியே மாணவர்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டால், இரண்டாவதாகவோ பத்தாவதாகவோ வந்து கதவைத் தட்டியதற்காக யாரும் இடம் இழப்பதில்லை. அதனால், விண்ணப்பிக்கிற பக்கம் இருப்பவர் தன் உண்மையான விருப்பத்தை வரிசையாக எழுதுவதே அவருக்கு நல்லது. பொய் வரிசையால் லாபம் கிடையாது என்பதை 1980-களின் தொடக்கத்தில் நிரூபித்தும் விட்டார்கள்.

நம் மாநில இன்ஜினியரிங் கவுன்சலிங் இதைவிட எளிது. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தரவரிசை என்பதால், முன்னால் நிற்பவர் தன் பட்டியலில் மேலே இருப்பதில் கிடைப்பதை எடுத்துக்கொள்ள, அடுத்தவர் மிச்சத்தில் எடுப்பார். இதிலும் உண்மை வரிசைதான் சரி. அந்தப் பெண் இழந்தது இந்த ஒரு வரி தெரியாததால்.

ஐஐடி, என்ஐடி சேர்க்கையில் சிக்கல் அதிகம். ஐஐடிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வின் ரேங்க், என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் தேர்வின் ரேங்க். என்ஐடியில் பாதி இடம் சொந்த மாநிலத்தாருக்கு. இதற்கு மேல் இடஒதுக்கீட்டுப் பிரிவுகள். 2014 வரை இரண்டுக்கும் தனித்தனிச் சேர்க்கை. ஒரே மாணவர் இரண்டு இடத்தைப் பிடித்து ஒன்றைக் கடைசியில் விட, அது காலியாகவே கிடக்கும். கான்பூர், மும்பை, கரக்பூர் ஐஐடி பேராசிரியர்களும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, கேல்–ஷாப்லி முறையை நம் நாட்டு இடஒதுக்கீட்டுக்கு ஏற்றபடி வளைத்து 2015-இல் ஒரே கூட்டுச் சேர்க்கையாக்கினார்கள். அப்போது சுமார் 80 நிறுவனங்கள், 500-க்கும் மேற்பட்ட பாடப்பிரிவுகள். நிரம்பாத ஓபிசி இடங்களைப் பொதுப்பிரிவுக்குத் திருப்பும்போது, ஏற்கெனவே ஒதுக்கியதன் மேல் ஒட்டுப்போட்டால் யாராவது ஒருவருக்கு அநியாயமாகிவிடும். அதனால் இடங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டு முழுக் கணக்கையும் முதலிலிருந்து திரும்ப ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் இது. காலி இடங்கள் கணிசமாகக் குறைந்தன.

இதைச் செய்தது எந்தத் துறை என்று கேட்டால் என்ன சொல்வது? கணிதமா, பொருளாதாரமா, கம்ப்யூட்டரா? 2012-இல் ராத்தும் ஷாப்லியும் பொருளாதார நோபல் பெற்றபோது, தான் வாழ்நாளில் ஒரு பொருளாதார வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை என்றார் ஷாப்லி. (கேல் 2008-லேயே காலமாகிவிட்டார்.) நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. கணித அறிஞர்கள் தி. பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் ஆட்டக் கோட்பாட்டில் இருவர் ஆட்டங்களைப் பற்றி 1971-லேயே சேர்ந்து நூல் எழுதியவர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆட்டக் கோட்பாட்டு ஆய்வு நடப்பது கம்ப்யூட்டர் துறையில்.

எனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்திலோ கணிதத் துறையும் பொருளாதாரத் துறையும் ஒரே மாடியில் எதிரெதிரே. பொதுவாக இருந்தது தண்ணீர்க் குழாய் மட்டும். ஏல முறைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வந்த மாணவனைக் கணிதத் துறை பொருளாதாரத்துக்கு அனுப்பியது. அங்கே தேற்றங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடம் அலைந்துவிட்டு அவன் வங்கித் தேர்வு எழுதப் போய்விட்டான். நிதி இல்லை என்று கட்டுரையாளர் வருந்துகிறார். இந்த மாணவனுக்குத் தேவைப்பட்டது நிதியல்ல, துறைக்கு ஒருவராக இரண்டு வழிகாட்டிகளின் கையெழுத்து.

இன்னொன்று, இது சேர்க்கை நடத்துவோருக்கு. இடம் ஒதுக்கும் விதியைத் தமிழில் அரைப்பக்கம் எழுதி, சாய்ஸ் பதிவு செய்யும் பக்கத்தின் மேலேயே போடலாம். ஒரு கணித ஆசிரியரும் ஒரு பொருளாதார ஆசிரியரும் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. கூப்பிட்டால் நானும் வருகிறேன். அந்தப் பெண்ணின் தம்பி இந்த வருடம் பிளஸ் டூ. இப்போதே வந்து, "மாமா, லிஸ்ட்டை நம்ம வீட்டிலேயே லாக் பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை