பத்துக் காசும் பக்கத்து நட்சத்திரமும்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய செய்தியை அம்மாவும் நானும் மாறி மாறிப் படித்தோம். நியூசிலாந்தின் டெக்காப்போ ஏரிக்கரையில் ராத்திரி படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாய், அழகைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். "இவ்வளவு பெரிய இடத்தில், தொள்ளாயிரம் கிராம் குழந்தை ஒன்றுக்காக நான் இரவெல்லாம் விழித்திருப்பது எந்தக் கணக்கில் சேரும் அப்பா?" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போனில் பேசினால் "அப்படியெல்லாம் நினைக்காதே மா" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பயத்தைக் குறைப்பதற்காக வானத்தைச் சின்னதாக்கிக் காட்ட மாட்டேன். நீ உணர்ந்ததைவிடவும் அது பெரிது. பூமியின் குறுக்களவு 12,742 கி.மீ. சூரியனின் குறுக்கே இப்படி 109 பூமிகளை வரிசையாக நிறுத்தலாம். கன அளவில் பார்த்தால் 13 லட்சம் பூமிக்குச் சமம். அந்தச் சூரியன் பால்வெளியில் இருக்கும் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களில் ஒன்று. நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி, பால்வெளியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக ஒரு லட்சம் ஆண்டு ஆகிறது. இதெல்லாம் நீ பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் இந்த எண்கள் மனிதன் கைக்கு எப்படி வந்தன என்று பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் அது என் தொழில்.

நில அளவைக்காரன் ஆற்றில் இறங்காமலே அக்கரை மரத்தின் தூரத்தைச் சொல்லிவிடுவான். இக்கரையில் ஒரு நீளத்தை ஒழுங்காக அளந்து அதை அடிக்கோடாக வைத்துக்கொள்வான். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் மரத்தைப் பார்த்துக் கோணம் எடுப்பான். மிச்சத்தை முக்கோணம் சொல்லிவிடும். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற அளவைக்காரர் அளந்த ஓர் அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்தப் பெரிய வேலை வளர்ந்தது.

நட்சத்திரத்துக்கும் வழி அதுவேதான். ஆனால் பூமியில் கிடைக்கும் எந்த அடிக்கோடும் அதற்குப் போதாது. இன்றைக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பூமி சூரியனுக்கு மறுபக்கம் போனதும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அப்போது அடிக்கோட்டின் நீளம் 30 கோடி கி.மீ. அவ்வளவு நீளத்துக்கு நட்சத்திரம் எவ்வளவு இடம் மாறித் தெரியும் என்று நினைக்கிறாய்? சிங்கப்பூரில் நம் அங் மோ கியோ வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றுகொள். இரண்டரை கி.மீ. தள்ளி, பீஷான் பக்கம் யாரோ ஒருவர் ஒரு பத்துக் காசைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள். அந்தக் காசின் அகலம் உன் கண்ணில் என்ன கோணம் பிடிக்குமோ, அவ்வளவுதான். அதுவும் சூரியனுக்கு அடுத்து நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரிக்கு. மற்றவை எல்லாம் அதைவிடக் குறைவு. வாழ்நாள் முழுக்கக் கோணம் எடுத்தவன் நான். வானம் எவ்வளவு பெரிது என்பது எனக்கு உறைத்தது கோடிகளைப் படித்தபோது இல்லை, இந்தக் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான்.

இந்த ஆல்ஃபா சென்டாரி உனக்குத் தெரிந்த நட்சத்திரம்தான். தென்சிலுவைக்குப் பக்கத்தில் பளிச்சென்று இரண்டு இருக்கிறதே, அதில் சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது. இங்கே அது தெற்கே தாழ்வாக வந்துவிட்டுப் போய்விடும். உன் ஊரில் மறைவதே இல்லை. தாமஸ் ஹெண்டர்சன் என்பவர் 1832, 1833இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்து அதை அளந்தார். விடை அவர் கையிலேயே இருந்தது. ஆனால் கருவியின் பிழையாக இருக்குமோ என்று தயங்கி, வெளியிடாமல் வைத்திருந்தார். அதற்குள் பெசல் என்ற வானியலாளர் 1838இல் அன்னம் விண்மீன் கூட்டத்தில் ஒரு மங்கலான நட்சத்திரத்தை அளந்து அறிவித்துவிட்டார். ஹெண்டர்சனின் விடை 1839இல்தான் வந்தது. முதல் ஆள் என்ற பெயர் போய்விட்டது என்று அவருக்காகப் பலர் வருத்தப்படுவார்கள். நான் அவரை மதிப்பது அந்தத் தயக்கத்துக்காகத்தான். தன் கருவி எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிந்து வைத்திருப்பவனே நல்ல அளவைக்காரன். இன்றைய கணக்கில் அந்த நட்சத்திரம் 4.4 ஒளியாண்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது, சுமார் 41 லட்சம் கோடி கி.மீ. இதே முக்கோண வழியில், 2013இல் ஐரோப்பியர்கள் அனுப்பிய கையா விண்கலம் நூறு கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்களின் தூரத்தைத் தந்திருக்கிறது.

நீ அனுப்பிய படத்தில், கிழித்துப் போட்ட பஞ்சு மாதிரி இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. அவை மேகம் இல்லை மா. பெரிய மெகல்லன், சிறிய மெகல்லன் என்று, பால்வெளியைப் போலவே இரண்டு தனி நட்சத்திரத் திரள்கள். பெரியது 1.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு, சிறியது 2 லட்சம். ஹார்வர்டில் ஹென்ரியெட்டா லெவிட் என்று ஒரு பெண் இருந்தார். காது சரியாகக் கேட்காது. பெரு நாட்டில் எடுத்த வானப் படங்களின் கண்ணாடித் தகடுகளை வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக ஒளி கூடிக் குறைவதை ஆண்டுக்கணக்கில் அளந்தார். அந்தச் சிறிய திட்டுக்குள் இருந்த 25 நட்சத்திரங்களைக் கொண்டு 1912இல் ஒரு விதியைக் காட்டினார்: கூடிக் குறைய எடுக்கும் நாள் எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு அந்த நட்சத்திரம் பிரகாசம். அந்த நாட்களை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். அது கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். முக்கோணம் கைவிட்ட இடத்தில் இது கை கொடுத்தது. இதை வைத்துத்தான் ஹபிள் என்ற வானியலாளர் 1920களில் ஆண்ட்ரோமெடா என்ற திரள் நம் பால்வெளிக்குள் இல்லை, அதற்கு வெகு வெளியே இருக்கிறது என்று காட்டினார். அவர் போட்ட கணக்கு சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்று நமக்குத் தெரிந்தது 25 லட்சம். இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

உன் நட்சத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருவாதிரை, சூரியனைப் போல் சுமார் 700 மடங்கு அகலம். அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். ஆனால் அவ்வளவு பெரிய உடம்பில் சரக்கு அதிகம் இல்லை. சராசரியாகப் பார்த்தால் நாம் மூச்சு விடும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிது. அதனால் அதன் மேற்பரப்பு கொதித்துக்கொண்டும் அலைந்துகொண்டும் இருக்கிறது. குறி வைக்கும் புள்ளியே அலைந்தால் கோணம் எப்படி எடுப்பது? பூமி சூரியனைச் சுற்றுவதால் அது இடம் மாறித் தெரியும் அளவைவிட, அதன் முகத்தின் அகலமே பல மடங்கு பெரிது. இத்தனை பிரகாசமான நட்சத்திரத்தின் தூரம் இன்னும் திட்டமாகப் பிடிபடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பெரிதாக இருப்பதில் அப்படி ஒன்றும் மேன்மை இல்லை என்று எனக்குத் தோன்றிய இடம் இது.

இனி என் வேலையின் பக்கம் வருகிறேன். நம் ஊரில் ஓர் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதை எஸ்விஒய்21 என்ற ஆயத்தொலை முறையில் குறிப்போம். இப்போது அதற்குச் செயற்கைக்கோள்களைத்தான் நம்புகிறோம். அவை இருபதாயிரம் கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை சரியான இடத்தைச் சொல்ல வேண்டுமானால், பூமி இந்த நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரிய வேண்டும். பூமியோ ஒரே சீராகச் சுற்றுவதில்லை. அதன் துருவம்கூடச் சில மீட்டர் அங்கும் இங்கும் நடக்கிறது. நிலம் தாங்கும் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. அசையாத ஒரு குறி வேண்டும். அது பூமியில் இல்லை, சூரியனிடம் இல்லை, பால்வெளியிலும் இல்லை. அதனால் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவேசார்களைப் பிடித்தார்கள். கருந்துளையில் பொருள் விழும்போது ஒளிரும் நட்சத்திரத் திரள் மையங்கள் அவை. அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அவை நமக்கு அசைவதே தெரிவதில்லை. அப்படிப்பட்ட 303 புள்ளிகளை அடிப்படைக் குறிகளாக வைத்த அட்டவணை 2019 முதல் உலகம் முழுக்க வழக்கில் இருக்கிறது. யோசித்துப் பார். அங் மோ கியோவில் ஒரு வாய்க்கால் ஓரத்து எல்லைக்கல்லுக்கு, எங்கோ பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி சாட்சி சொல்கிறது. அவ்வளவு தூரத்தில் அவை இருப்பதால்தான் இங்கே நமக்கு இடம் சரியாகத் தெரிகிறது. இதை அறிந்த பிறகு வானம் எனக்கு அந்நியமாகப் படவே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் எது பெரிது என்று கேட்பதில்லை. எவ்வளவு பிழை தாங்கும் என்றுதான் கேட்போம். ஆண்ட்ரோமெடாவின் தூரத்தில் ஹபிள் 16 லட்சம் ஒளியாண்டு பிசகினார். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். வடகிழக்கு ரயில் பாதையில் நான் வேலை பார்த்தபோது, லிட்டில் இந்தியாவுக்கும் ஃபேரர் பார்க்குக்கும் இடையே சுரங்கம் சில சென்டிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. மேலே வீடுகள், கடைகள், ஜனங்கள். உன் வார்டில் ஒரு மில்லிலிட்டர்கூடப் பெரிய அளவு. மருந்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விபரீதம் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். பிழை தாங்காத இடத்தில்தான் நல்ல ஆளை நிறுத்துவார்கள். என் தொழில் கணக்கில் உன் வேலை எங்கே சேரும் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். தொள்ளாயிரம் கிராம் எவ்வளவு கனம் என்று வானத்துக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதைக் காலையில் தொள்ளாயிரத்துப் பத்து என்று குறித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை, எதில் சேரும் என்று கேட்கிறாயே!

அப்புறம், மார்கழியில் நாங்கள் வருகிறோம். அந்தத் திட்டுகளை நான் கண்ணால் பார்க்க வேண்டும். உலகத்திலேயே ஒளி மாசு மிக அதிகமான நாடு நம்முடையது என்று 2016இல் வந்த ஆய்வு சொன்னது, இங்கே இருந்து அது நடக்காது. மிருகசீரிடத்தையும் திருவாதிரையையும் அங்கே தலைகீழாகப் பார்க்கலாம் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை. அவளுக்குத் திருவாதிரை அன்று உன் வீட்டில் களி கிண்ட வேண்டும். ஆனால் அது பௌர்ணமியை ஒட்டி வருவதால் அன்றைக்கு வானம் வெளுத்துக் கிடக்கும். அதனால் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து, டெக்காப்போவை முடித்துக்கொண்டு, திருவாதிரை வரை உன்னோடு இருந்துவிட்டுக் கிளம்புகிறோம். அமாவாசையை ஒட்டி உனக்கு இரவு வேலை இல்லாமல் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுச் சொல். தேதி தெரிந்தால்தான் டிக்கெட் போட முடியும்.

அன்புடன்,
அப்பா