காடு எரியும் முன்பே விதை எடுத்து வைத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எரிந்த சரிவுகளுக்குப் போக வேண்டிய நாற்றுப் பெட்டிகள் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வண்டி ஏறிவிட்டன. வழக்கமாக இந்த நேரத்தில் நன்றி முழுவதும் நடுபவர்களுக்கே போகும். படமும் அவர்களைத்தான் எடுப்பார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு, பின்னால் வருகிறோம். இந்த மடல் முதலில் வேறு சிலருக்கு. காடு பச்சையாக நின்ற ஆண்டுகளிலேயே நாற்றங்காலுக்குப் பொதுப்பணம் தரச் சம்மதித்த வரி செலுத்துவோருக்கு, அதற்காகக் கை தூக்கிய மக்கள் பிரதிநிதிகளுக்கு, கோப்பைத் தூங்கவிடாமல் நகர்த்திய அலுவலர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாட்களைக் கணக்குப் போட்டால்தான் புரியும். கோடையில் காடு எரிகிறது. இலையுதிர் காலத்தில் எரிந்த இடத்தை அளந்து, எத்தனை நாற்று வேண்டும் என்று கேட்கிறார்கள். கையில் விதை இருந்தால் குளிர்காலக் கடைசியில் விதைக்கலாம். அந்த ஆண்டு முழுவதும் வளர்த்து, அடுத்த குளிர்காலத்தில் எடுத்துக் கட்டி, அதற்கடுத்த வசந்தத்தில் நடலாம். தீக்கும் நடவுக்கும் இடையே எல்லாம் சரியாக நடந்தாலே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. விதை இல்லையென்றால் இந்தக் கணக்கே இல்லை. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் ஊசியிலை மரமான பாண்டரோசா பைன் நன்றாகக் காய்ப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். விதை தாங்கும் அதன் கூம்பு முற்ற இரண்டு பருவம் வேண்டும். எரிந்த பிறகு விதை தேடிப் போனால், தாய்மரமும் எரிந்து கிடக்கும்.

காத்திருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காத்திருப்பதே நல்லது என்ற இடங்களும் உண்டு. லாட்ஜ்போல் பைனின் மூடிய கூம்புகள் தீயின் சூட்டில் பிசின் உருகித் திறந்து, தானே விதை தூவும். அங்கே நாற்று நடுவது வீண் செலவு. பாண்டரோசாவுக்கு அந்த வசதி இல்லை. அதன் விதை பெரும்பாலும் தாய்மரத்தின் உயரத்தைப் போல் ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குள் விழுந்துவிடும். உயிருள்ள மரத்திலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் கன்று முளைப்பது அரிது. பெருந்தீ ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான ஹெக்டேரைச் சாம்பலாக்கும்போது, நடுப்பகுதிக்கு விதை போய்ச் சேர வழியே இல்லை. அந்த இடைவெளியைப் புதர்கள் பிடித்துக்கொள்கின்றன; சியானோத்தஸ் போன்ற புதர்களின் விதை மண்ணுக்குள் பல்லாண்டு கிடந்து தீயின் சூடு பட்டு முளைப்பது. அது மூன்று, நான்கு ஆண்டு முந்திக்கொண்டால், அதை வெட்டிய பிறகுதான் நட முடியும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. ஆல்பைன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் கடுந்தீயில் செத்துப்போய், விதையிலிருந்துதான் மீண்டும் வரும். அந்தக் கன்று போதுமான விதை தரச் சுமார் 20 ஆண்டு வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்துவிட்டால் முளைக்க விதையே இருக்காது. 2019–20 பெருந்தீக்குப் பின் அங்கே ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவ முடிந்ததற்குக் காரணம், முன்பே சேர்த்து வைத்த விதை இருந்ததுதான்.

பணம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் தேசிய வனங்களின் மறுநடவு நிதிக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் என்ற உச்சவரம்பு பல பத்தாண்டுகளாக அசையாமல் இருந்தது. 2021 நவம்பரில்தான் உள்கட்டமைப்புச் சட்டத்தோடு சேர்த்து அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நாட்டு வேளாண் துறை வெளியிட்ட கணக்கின்படி, காட்டுத்தீக்குப் பிறகு நட வேண்டியதில் ஆண்டுக்கு 6 சதவீதம்தான் நடப்பட்டுக்கொண்டிருந்தது. 2022இல் நியூ மெக்சிகோவில் ஹெர்மிட்ஸ் பீக் – காஃப் கேன்யன் தீ 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அப்போது மோராவில் இருந்த ஆராய்ச்சி நாற்றங்காலின் கொள்ளளவு ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் நாற்று. அங்கே ஆண்டுக்கு 50 லட்சம் நாற்று வளர்க்கும் மையம் வேண்டும் என்று திட்டமிட்டது அதற்குப் பிறகுதான். முன்கூட்டியே கை கொடுத்த உங்களை முதலில் நினைப்பது இதனால்தான்.

அடுத்து, கூம்பு பறிக்க மரமேறியவர்களுக்கு.

இரண்டு, மூன்று வாரம்தான் இவர்களுக்குக் கிடைக்கும் காலம். முந்திப் பறித்தால் விதை முற்றியிருக்காது. பிந்தினால் கூம்பு திறந்து விதை பறந்துவிடும், அல்லது அணில் முந்திக்கொள்ளும். பறிக்கலாமா என்று முடிவு செய்வது ஒரு கத்தி வேலை. கூம்பை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு முகத்தில் வெட்டுப்பட்ட விதைகளில் நிறைவிதை எத்தனை, பதர் எத்தனை என்று எண்ண வேண்டும். டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரமானால் ஒரு முகத்தில் 5 நிறைவிதையாவது தெரிந்தால்தான் ஏறுவது பயன். விதையின் உள்ளே பருப்பு பால்போல் கசிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். முற்றிய தேங்காய்போல் கெட்டியாக, நடுவில் கரு தன் குழியை ஏறக்குறைய முழுதும் அடைத்து நின்றால் ஏணியைச் சாத்தலாம். ஒரே மரத்தில் காய் கொட்டிக் கிடந்தாலும், அதை மட்டும் மொட்டையடிக்காமல், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல மரங்களில் ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தீர்களே, நாற்றில் பல வம்சம் கலந்திருப்பது அந்த உழைப்பால்தான்.

சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் கட்டியதற்கும் தனியாக நன்றி. காயும்போது கூம்பு விரியும். நிறைத்துக் கட்டிய சாக்கில் விரிய இடமில்லாமல், சூடேறிப் பூஞ்சணம் பிடித்து, ஒரு மலையின் அந்த ஆண்டு விதை முழுவதும் வீணாகும். சாக்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சீட்டு கட்டி, மரவகை, விதை மண்டலம் (விதை எந்தத் தட்பவெப்பப் பகுதியைச் சேர்ந்தது என்பது), உயர அடுக்கு, நாள் எல்லாம் எழுதியிருந்தீர்கள். சீட்டு இல்லாத விதை எவ்வளவு நல்லதானாலும் எங்களுக்குப் பயன்படாது. தாழ்நிலத்து விதையை உயரத்தில் நட்டால், பத்து ஆண்டு நன்றாக வளர்ந்துவிட்டு, ஒரு முன்பனியில் கருகிப்போகும்.

விதைக்கூடத்தில் இருந்தவர்களே, உங்கள் வேலையைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஈரக் கூம்பை அவசரப்பட்டுச் சூட்டில் வைத்தால் வெளித்தோல் இறுகி, பிறகு திறக்கவே திறக்காது, உள்ளே விதையும் வெந்துவிடும். முதலில் காற்றாட உலர்த்தி, பிறகுதான் மெல்ல 40 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோனீர்கள். உருளையில் சுற்றி உதிர்த்து, சிறகு நீக்கி, தூற்றிப் பதர் களைந்து, எக்ஸ்ரேயில் பார்த்து, ஈரப்பதத்தை 6 முதல் 9 சதவீதத்துக்குள் நிறுத்தி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பைன் விதை பல பத்தாண்டு உயிரோடு இருக்கும். பாண்டரோசா விதை ஒரு கிலோவில் ஏறக்குறைய 25,000 இருக்கும். அதில் 15,000 நல்ல நாற்று தேறினால், ஹெக்டேருக்கு 500 வீதம் 30 ஹெக்டேர் நடலாம். அந்த உறைபதனப் பெட்டிக்கும், மின்சாரம் போனால் தானே ஓடும் ஜெனரேட்டருக்கும் பணம் ஒதுக்கியவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

விதை நேர்த்தியிலிருந்து விதைப்பு வரை செய்தவர்களுக்கு: ஒன்றிரண்டு நாள் ஓடும் நீரில் ஊறவைத்து, வடித்து, மேல்தோலின் பளபளப்பு போகும்வரை ஆற்றி, காற்றுப்போக வாய் தளர்த்திய பையில் 2 முதல் 4 டிகிரியில் 4 முதல் 8 வாரம் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிக் கொடுத்தீர்கள். அந்தப் பளபளப்பைக் கவனிக்கத் தவறினால் பைக்குள் பூஞ்சணம் வரும். சுகர் பைனுக்கு மட்டும் இந்தக் குளிர் மூன்று மாதம் வேண்டும் என்பதை நினைவில் வைத்து முன்கூட்டியே ஊறப்போட்டதால்தான் எல்லா வகையும் ஒரே நேரத்தில் முளைத்தன.

குழித்தட்டு விஷயத்தில் மலிவானதை வாங்காமல், உட்சுவரில் நெடுக்கு வரியும் அடியில் திறப்பும் உள்ளதை வாங்கச் சம்மதித்த கொள்முதல் அலுவலர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். வரியில்லாத குழியில் வேர் சுற்றிச் சுருளும். நட்டபின்னும் அது சுருளாகவே தடித்து, சில ஆண்டு கழித்து மரம் காற்றில் சாயும். வரி வேரைக் கீழ்நோக்கி இறக்குகிறது. அடித்திறப்பில் காற்றுப்பட்டு நுனி காய்ந்து, மேலே பக்கவேர் பெருகுகிறது.

தண்ணீர் ஊற்றியவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்றங்காலில் நாற்று சாவது பெரும்பாலும் வறட்சியால் அல்ல, மிகுதியான தண்ணீரால். முளைத்த முதல் வாரங்களில் மேல்மண் ஈரத்திலேயே இருந்தால் நாற்றழுகல் வந்து, தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்து, காலையில் நின்றது மாலையில் படுத்திருக்கும். கண்ணால் பார்த்து ஊற்றினால் எப்போதும் அதிகமாகத்தான் ஊற்றுவோம். நீங்கள் தட்டைத் தராசில் வைத்தீர்கள். முழுக்க நனைத்து வடிந்த தட்டு 10 கிலோ என்றால், வளரும் பருவத்தில் 8 கிலோவுக்கு இறங்கிய பிறகே நீர். நாற்றை வெளிக் குளிருக்கும் வறட்சிக்கும் பழக்கிக் கடினப்படுத்தும் பருவத்தில் 7 கிலோவரை பொறுத்திருந்தீர்கள். அப்போதே தழைச்சத்தையும் குறைத்து, பகலைச் சுருக்கி, நுனிமொட்டு கட்ட வைத்தீர்கள். நாற்று உயரமாக நின்றால் பார்ப்பவர் பாராட்டுவார். தண்டு ஒல்லியாய் உயர்ந்த நாற்று எரிந்த சரிவின் வெயிலில் நிற்காது என்பது தெரிந்து, அந்தப் பாராட்டை வேண்டாம் என்று விட்டீர்கள்.

கட்டி அடுக்கியவர்களுக்கும் நன்றி. மாதிரி நாற்றுகளை மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்து, சேதம் வருகிறதா என்று பார்த்த பிறகே மொத்தத்தையும் எடுத்தீர்கள். இரண்டு மாதத்துக்குள் நடுவதென்றால் 1, 2 டிகிரி போதும். அதற்கு மேல் வைத்தால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மைனஸ் 2இல் உறையவைத்தீர்கள்.

ஒதுக்கீடு செய்பவர்களுக்கு நன்றியோடு ஒரு விண்ணப்பமும். கண்ணாடிக்கூடம் கட்ட ஒருமுறை மானியம் கொடுத்து நிறுத்திவிட்டால், ஐந்தாம் ஆண்டில் கூடம் இருக்கும், தட்டு எடைபோடத் தெரிந்தவர் இருக்க மாட்டார். விதை சேகரிப்புக்கும் ஆள் சம்பளத்துக்கும் ஆண்டுதோறும் தொகை வர வேண்டும். நல்ல காய்ப்பு ஆண்டில் உடனே ஆள் அனுப்ப, நிதியாண்டைக் கடந்தும் செலவழிக்கும் அனுமதி வேண்டும். கூம்பு நிதியாண்டு பார்த்து முற்றுவதில்லை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி நாற்று உற்பத்தியாகிறது. காடு திரும்பக்கூடிய நிலத்தில் பாதியை 2040க்குள் நிரப்பவே அது ஏறக்குறைய 300 கோடியாக வேண்டும். ஓய்வுபெறும் மூத்தவர்களின் கைப்பழக்கம் அடுத்தவர் கைக்கு வராமல் அந்த எண்ணிக்கையைத் தொட முடியாது.

இப்போது நடுபவர்களுக்கு. தட்டுக் குழியிலிருந்து வேரோடு வந்த வேர்க்கட்டியின் தலைமேல் இரண்டு விரல்கடை மண் மூடியதற்கு நன்றி. அது வெளியே தெரிந்தால், உள்ளிருக்கும் பீட் மாஸ் என்ற மட்கிய பாசி விளக்குத் திரிபோல ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சில நாளில் நாற்று காய்ந்துபோகும். குழி ஆழம் போதாமல் வேரை மடக்கி வைக்காததற்கும், விழுந்த மரத்தின் நிழலில், பிற்பகல் வெயில் படாத பக்கம் தேடி நட்டதற்கும், வரிசை பார்க்காமல் இடம் பார்த்து நட்டதற்கும் நன்றி.

முதல் கோடை முடிந்ததும் எத்தனை நின்றது, எத்தனை போனது என்று எண்ணி, விதைத்தொகுதி எண்ணோடு சென்ற முறை எழுதி அனுப்பியவர்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். இறந்தவற்றில் சிலவற்றை வேரோடு தோண்டிப் பார்த்து, புதுவேர் விட்டிருந்ததா, கட்டியாகவே கிடந்ததா என்றும் குறித்திருந்தீர்கள். கட்டியாகவே கிடந்தவற்றின் எண்களை வைத்துத்தான் இந்த முறை எந்தத் தொகுதியை எப்போது எடுப்பது என்று முடிவு செய்தோம். இந்தக் கோடைக்கும் பெட்டிக்குள் அதே படிவம் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நாற்றங்கால் பணியாளர்கள்