எட்டுப் பிள்ளைகளின் விடுதிக் கட்டணம்: ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

பந்தலூர், சேரம்பாடி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து கோவைக்கு முதுகலை படிக்கப் போகும் பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறக்கட்டளை வைக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் அலைந்தோம். சென்ற வாரம் 50 லட்சம் ரூபாய் மூலநிதி வங்கியில் போடப்பட்டுவிட்டது. கொடுத்தவர்கள் குன்னூரில் வாழும் முதிய தம்பதி. பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் ஐயா, அம்மா என்றே எழுதுகிறேன்.

முதல் வணக்கம் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். அவர் சொல் இல்லையென்றால் அந்த வீட்டுக் கதவு எங்களுக்குத் திறந்திருக்காது. "முதல் நாளே பணத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆறு முறை போனோம். ஐந்தாவது முறைதான் தொகையைச் சொன்னேன். பளபளப்பான கையேடு அச்சடித்தால் பெரிய நன்கொடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம்பிக்கைக்குரிய ஒருவர் கூட வந்து உட்கார்ந்ததுதான் இங்கே பலித்தது.

எங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அழகப்பச் செட்டியாரைப் பற்றி எழுதியிருந்தேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கரும் 15 லட்சமும் தந்த வள்ளல் அவர். ஐயா பேனாவை எடுத்து அந்தப் பத்தியை மெதுவாக அடித்தார். "அவர் பக்கத்தில் என்னை நிறுத்தாதீர்கள்" என்றார். பிறகு, "ஏழை மாணவர்கள்" என்று நாங்கள் எழுதிய இடங்களில் எல்லாம் "தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்" என்று தன் கையால் திருத்தினார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மா கேட்ட கேள்விதான் திட்டத்தையே மாற்றியது. ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் வரும். ஒருவருக்கு 35,000 என்று பத்துப் பேருக்குக் கொடுக்கலாம் என்று கணக்குக் காட்டினோம். "பத்து வருடம் கழித்து விடுதிக் கட்டணம் இதே இருக்குமா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலையே எங்கள் ஆடிட்டர் உட்கார்ந்து போட்ட கணக்கின்படி, வட்டியில் ஐந்தில் ஒரு பங்கை மூலநிதியிலேயே சேர்க்கிறோம். இப்போது எட்டுப் பேர். ஆனால் நிதி தேயாது.

அதே ஆடிட்டருக்கு இன்னொரு நன்றியும் உண்டு. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, நன்கொடை கொடுத்தால் கிடைக்கும் 80ஜி வரிச் சலுகை கிடையாது என்பதைக் காசோலை எழுதும் முன்பே ஐயாவிடம் சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "வரிக்காகவா கொடுக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டே ஐயா கையெழுத்துப் போட்டார்.

பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தக் கோப்பை மேசைக்கு மேசை தானே எடுத்துச் சென்ற பிரிவு எழுத்தருக்கும், மண்சரிவு நாளில் கோத்தகிரி வழியாகச் சுற்றி எங்களைக் கோவையில் சேர்த்த ஜீப் ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி.

கணக்கப்பிள்ளை ஐயா, முதல் எட்டுப் பேரும் ஜூலையில் விடுதியில் சேருகிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் பாட்டி கொழுந்து பறித்த கணக்கை எழுதியவர் நீங்கள்தான். அன்று நீங்கள் எங்களோடு வர வேண்டும். ஜீப் உங்கள் வீட்டு வாசலுக்கே வரும்.

நன்றியுடன்,
அறக்கட்டளைக் குழுவின் சார்பில்,
குன்னூர்