காவிரித் தாய்க்குப் பாலித்தீன் கவரா?

ஆசிரியருக்கு,

ஆடிப் பெருக்குக்கு மறுநாள் கும்பகோணத்துப் படித்துறைகளைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. படையல் சாமான்களை இப்போது 'செட்'டாகவே விற்கிறார்கள். காதோலை (பனையோலைச் சுருள்), கருகமணி, மஞ்சள் கயிறு, கூடவே பிளாஸ்டிக் வளையல், சீப்பு, கண்ணாடி, எல்லாம் ஒரே பாலித்தீன் கவரில். சிலர் அதைப் பிரிக்காமலேயே ஆற்றில் விடுகிறார்கள். பனையோலை மக்கிவிடும், கவர் மிதந்துபோய் ஏதாவது ஒரு வாய்க்கால் மதகை அடைக்கும். அப்புறம் தண்ணீர் வரவில்லை என்று வயல்காரர்தான் மண்வெட்டியோடு இறங்க வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சரி, யார் கேட்கிறார்கள்? சாமி காரியத்தில் அதிகாரி தலையிட்டால் கோபம்தான் வரும். அர்ச்சகரோ, முளைப்பாரி வளர்க்கும் பெரியம்மாக்களோ சொன்னால் ஊர் கேட்கும். ஆடி பிறந்ததுமே இவர்களை வைத்துக் கோயில் மண்டபங்களில் பேசச் சொல்லலாம். பனையோலை, மஞ்சள், பூ, காப்பரிசியை வாழையிலையில் கட்டி மகளிர் குழுக்களே படித்துறையில் விற்கலாம்.

ஐப்பசியில் மக்கள் காவிரியில் புனித நீராடும் மயிலாடுதுறை துலாக் கட்டத்துக்கும் இது பொருந்தும். உடுத்திய துணியை ஆற்றில் விடாமல் இருக்க, கரையில் ஒரு தொட்டி வைக்கலாம். "இதில் போட்டாலும் தோஷம் கழியும்" என்று புரோகிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறநிலையத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகர், கும்பகோணம்