யாரை வைத்து ஆள்வது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் பிரிட்டிஷ்காரப் பையன், "இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாங்களாகவே இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு வந்தோம்" என்று சொன்னானாமே. போனில் அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயமில்லை அம்மா, இது.

அவன் சொல்வதில் பாதி சரி. 1945இல் பிரிட்டனின் கஜானா காலி. நமக்கே 100 கோடி பவுண்டுக்கு மேல் கடன்பட்டிருந்தது. போருக்காக இங்கே வாங்கிய சரக்குக்கு ரொக்கம் தராமல் லண்டனில் கணக்கு மட்டும் எழுதி வைத்தார்கள். இங்கே நோட்டு அச்சடித்துத் தள்ளினார்கள். விலைவாசி எகிறியது. 1943இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கையில் காசில்லை என்று யாரும் காலனியை விட்டதில்லை. பிரான்சும் ஹாலந்தும் போரில் நொடித்துப்போனவைதான். வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் வருடக்கணக்கில் சண்டை போட்டுத்தானே பார்த்தார்கள்? இங்கே அது முடியவில்லை. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அடக்கப் பெரும்பாலும் நம்மவர்களையே போலீஸாகவும் பட்டாளமாகவும் அனுப்பினார்கள். 1946இல் அந்தப் பட்டாளத்தின் மேலேயே அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

செங்கோட்டையில் நேதாஜி படையின் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவரையும் விசாரித்தார்கள். நாடே கொந்தளித்தது. மலேயா தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் எத்தனையோ பேர் இருந்த படை அது. மூவருக்கும் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் தளபதியே அதை ரத்து செய்து வெளியே விட்டார்.

அப்புறம் 1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' கடற்படைப் பயிற்சி நிலையம். வாயில் வைக்க முடியாத சாப்பாடு, வாயைத் திறந்தாலே வசைபாடும் கமாண்டர். மாலுமிப் பையன்கள் சாப்பாட்டைத் தொடவில்லை, வேலைக்கும் போகவில்லை. சில நாளில் கராச்சி, மெட்ராஸ் என்று சுமார் 20,000 பேர். கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் சேர்ந்தே பறந்தன. மில் தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச்சூட்டில் 200 பேருக்கு மேல் பலி. படேல் கேட்டுக்கொண்டதால் 23ஆம் தேதி சரணடைந்தார்கள். பலருக்கு வேலை போயிற்று. சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காந்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1920இலிருந்து ஜனங்களின் மனதில் இருந்த பயத்தைப் போக்கியவர் அவர். அந்தத் துணிச்சல்தான் சீருடைக்குள்ளும் போனது. மாலுமிகள் எழுந்து ஒரே வருடத்தில், 1947 பிப்ரவரி 20இல், 1948 ஜூனுக்குள் போய்விடுவோம் என்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்தார். அதுவரைகூட இருக்க முடியாமல் ஆகஸ்டிலேயே கிளம்பினார்கள்.

அன்று லண்டனிலிருந்து இந்தியாவைக் கவனித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்கள் அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில்தான் இருக்கின்றன. லீவு நாளில் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போய் 1946 பிப்ரவரியைத் தேடிப் பார். என்ன கிடைத்தது என்று எழுது.

அப்பா