ராத்திரி பல் தேய்த்துவிடுவது யார்? முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களை நடத்துபவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பணிப்பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். மாத்திரை கொடுத்த நேரம், டயப்பர் மாற்றிய நேரம், புரட்டிப் படுக்கவைத்த நேரம் எல்லாம் கையெழுத்தோடு இருக்கும். வாய் சுத்தம்? காலைக் குளியலோடு சேர்த்து ஒரு டிக் விழுந்திருக்கும். ராத்திரிக்கு அதுவும் இருக்காது. நான் கேட்பது அந்த ராத்திரிக்கான ஒரு வரியைத்தான்.

காரணம் நிமோனியா. பெரியவர்களுக்கு நிமோனியா வந்தால் குளிர்காற்றையும் பக்கத்துக் கட்டில்காரரின் இருமலையும் குறை சொல்கிறோம். பல நேரம் கிருமி அவருடைய வாயிலிருந்தே இறங்குகிறது. பல், நாக்கு, பல்செட் என எல்லாவற்றிலும் படியும் வழவழப்பான படலம் கிருமிகளுக்கு நல்ல இடம். தூக்கத்தில் எச்சில் துளி மூச்சுக்குழாய்க்குள் போவது ஆரோக்கியமானவர்களுக்கும் நடக்கும், உடம்பு சமாளித்துவிடும். பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் உள்ளவர்களுக்கு இருமலே மழுங்கியிருக்கும். புரையேறியது அவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்கள் பல் தேய்த்துவிட்டார்கள். அவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் தெரிந்தது.

எல்லா ஆய்வும் இப்படி முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பல்லும் ஈறும் தேய்த்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தாலும் வாயைச் சுத்தம் செய்து, நிமிர்த்தி உட்காரவைத்தும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள், நிமோனியா குறையவில்லை. வட கரோலினாவில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டு பலன் தெரிந்தது, இரண்டாம் ஆண்டு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பயிற்சி கொடுத்த சூடு ஆறியதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மௌத்வாஷ் பாட்டில் வாங்கி அடுக்கினாலும் படலம் அப்படியேதான் இருக்கும். அதைத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும், தினமும்.

அப்புறம், எப்படித் தேய்ப்பது என்று யாராவது ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? மல்லாக்கப் படுத்திருப்பவரின் வாயில் தண்ணீரும் நுரையுமாகத் தேய்த்தால், தடுக்க நினைத்ததை நாமே வரவழைத்த மாதிரி. தலைப்பக்கத்தை உயர்த்தவேண்டும், மோவாய் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கவேண்டும். நிமிர்த்தவே முடியாதவரைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளலாம். சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ், பொட்டளவு பேஸ்ட். வாயால் மூச்சு விடுபவருக்கு மேலண்ணத்தில் எச்சில் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் ரத்தம் வரும். முதலில் ஈரத்துணியால் நனைத்து ஊறவிட்டு, பிறகு மெதுவாக வழித்தெடுக்கவேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் மதியச் சோறு மாலைவரை இருக்கும், அங்கேயும் பாருங்கள். வாயை இறுக்கி மூடிக்கொள்பவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். பிரஷை அவர் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தேய்த்தால் பலர் திறந்துவிடுவார்கள்.

மூக்குக்குழாய் வழியே உணவு போகிறவர்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘வாயால சாப்பிடறதே இல்லையே, எதுக்குத் தேய்க்கணும்?’ மெல்லாத வாயில் எச்சில் ஊறுவதும் குறைகிறது, அழுக்கு இன்னும் அதிகமாகத்தான் சேர்கிறது.

பல்செட் இரவில் வெளியே இருக்கவேண்டும். டோக்கியோவில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை 3 ஆண்டுகள் கவனித்ததில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கழற்றி, தேய்த்து, பெயர் எழுதிய மூடி டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், செட் கோணிப்போகும்.

ஊழியர் பற்றாக்குறை எனக்கும் தெரியும். எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்க முடியாவிட்டால், தானே பிரஷ் பிடிக்க முடியாதவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், குழாய் வைத்திருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள். இரவுப் பணி மாறும்போது யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘மறுத்துவிட்டார்’ என்று தொடர்ந்து எழுதப்படுகிறவருக்கு வாய்ப்புண்ணோ பல்வலியோ இருக்கலாம். பல் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.