உன் ரூமில் ஒருத்தரிடமாவது சொல்

முக்கூடல்,
ஞாயிறு இரவு.

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நான் அழுதால் நீ "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இருந்து ஷார்ஜாவுக்கு ஏறுகிறான். அவன் கையில் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

ஆச்சி போய் இன்றோடு 24 நாள். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு இப்போதுதான் வீடாகத் தெரிகிறது, ஆச்சி இல்லாத வீடாக.

நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆச்சி இறந்த அன்றைக்கும் வேலைக்குப் போனாயாம். ரூமில் யாரிடமும் சொல்லவில்லையாம். "அவங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம்" என்று கேட்டாய். எட்டுப் பேர் படுக்கிற அறையில், போர்வைக்குள் செல்லை வைத்துக்கொண்டு ஆச்சி முகத்தைத் தனியாகப் பார்த்திருக்கிறாய். மாமா மகன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் செல்லைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பக்கம் நீ இப்படிக் கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நாலு மாத வேலையில் லீவு கிடைக்காது, அது எனக்குப் புரிகிறது. நீ வரவில்லை என்று எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. நீ யாரிடமும் சொல்லவில்லையே, அதுதான் வருத்தம்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று ராத்திரி 2 மணி இருக்கும். ஆச்சி தண்ணீர் கேட்டாள். எழுந்து கொடுத்தேன். ரெண்டு மடக்குக் குடித்தாள். "நீ படு, பகல் பூரா பீடி சுத்துன உடம்பு" என்றாள். நானும் படுத்துத் தூங்கிவிட்டேன். நாலரைக்கு எழுந்து பார்க்கிறேன், கை ஜில்லென்று இருக்கிறது. பக்கத்தில்தானே படுத்திருந்தேன்! ஒரு குரல் கொடுத்திருப்பாளோ, நான் கேட்காமல் தூங்கிவிட்டேனோ என்று நெஞ்சுக்குள் ஒரு கல் உட்கார்ந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. "பெத்த தாயைப் பாக்காம தூங்கிட்டா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். கேதத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போதெல்லாம், இவர்களுக்குத் தெரியாது, இவர்களுக்குத் தெரியாது என்றே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பாய் வீட்டுப் பெரியம்மாவை உனக்குத் தெரியுமே, இருபது வருஷமாக என்னோடு நம் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர். தகவல் போனதும் முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். எதுவும் பேசவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். பால் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், ராத்திரி முழுக்க எழுந்திருக்கவில்லை. மறுநாள் விடிகிற நேரம், எல்லாரும் அங்கங்கே சாய்ந்து கிடந்தபோது, அவரிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, தண்ணி குடுத்துட்டுத் தூங்கிட்டேன் அக்கா" என்று.

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேட்ட தண்ணியக் குடுத்துட்டியேட்டி. கடைசித் தண்ணி பெத்த மக கையால குடிச்சிட்டுப் போயிருக்கா. எங்க உம்மா ஆஸ்பத்திரியில குழாய மாட்டிக்கிட்டுக் கெடந்தா. தண்ணி குடுக்கக்கூடாதுன்னுட்டாவ. உதட்ட நனைக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கல."

அதற்குப் பிறகுதான் ராசா, எனக்கு ஒழுங்காக அழுகையே வந்தது. அதுவரை அழுததெல்லாம் வந்தவர்கள் அழுகிறார்களே என்று அழுதது.

மற்றதை நீ செல்லில் பார்த்திருப்பாய், விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன். ஆச்சி கூடப்பிறந்த பம்பாய்த் தாத்தா வந்துதான் பிறந்த வீட்டுக் கோடித் துணி போட வேண்டும் என்று ஒரு பக்கம், அவர் ரயிலில் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதுவரை வைக்க முடியாது என்று ஒரு பக்கம். மாமாவுக்கும் பெரியவர்களுக்கும் வாக்குவாதம். ஆச்சியை நடுவீட்டில் வைத்துக்கொண்டு வாசலில் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. டெய்லர் சித்திதான் வெளியே போய், "உள்ள அவ மக உக்காந்திருக்கா, அவ காதுல விழுது" என்று ஒரே வார்த்தை சொன்னாள். சத்தம் அடங்கியது. கடைசியில் பம்பாய்த் தாத்தாவின் அண்ணன் மகன், அம்பாசமுத்திரத்தில் இருக்கிறவர், கோடி கொண்டுவந்தார். பந்தல், சேர், டீ, ஐஸ் பெட்டி வாடகை, பூ எல்லாவற்றுக்கும் அப்பா வெளியே ஓடினார். யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று சித்திதான் தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தாள். விசேஷம் முடிந்த பிறகுதான் அதை என்னிடம் காட்டினாள். அதுவரை பணத்தைப் பற்றி ஒரு பேச்சு என் காதில் விழவில்லை.

ஆச்சியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்கு ஆற்றுக்குப் போய் வந்தார்கள். நான்தான் முதலில் ஆச்சி தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தேன். எத்தனை சனிக்கிழமை அவள் எனக்கு வைத்திருப்பாள்!

நெய்ப்பந்தம் பற்றி உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேரன்மார் பிடிக்க வேண்டியது. மாமா மகன் ஒரு பக்கம் நின்றான். மகள் வயிற்றுப் பேரன் நீ நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உன் சேக்காளி, ஆறாம் வகுப்பில் இருந்து நம் வீட்டில் சோறு தின்றவன், தலையைக் குனிந்துகொண்டு பந்தலில் நின்றான். மாமா அவனைக் கூப்பிட்டு, "நீ பிடிய்யா" என்றார். சொந்தத்தில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆச்சி கையால சாப்பிட்டவன், அவனும் பேரந்தான்" என்று மாமா முடித்துவிட்டார். அவன் கை நடுங்க நடுங்கப் பிடித்தான். சுடுகாட்டில் நெருப்பு அடங்கும் வரை நின்றிருக்கிறான். மறுநாள் சாம்பல் அள்ளுகிற காடேத்துக்கும் முதல் ஆளாகப் போனான். பேரூராட்சி அலுவலகத்தில் 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும் என்று, அப்பாவை வண்டியில் உட்காரவைத்து அலைந்ததும் அவன்தான். அந்தச் சான்று இருந்தால்தான் ரேஷன் கார்டில் ஆச்சி பேரை எடுக்க முடியும், மாதம் வந்த 1,200 ரூபாய் முதியோர் பணத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் ஆச்சி பேரைப் பார்த்தபோது அவன் அழுதானாம், அப்பா சொன்னார். நெய்ப்பந்தம் பிடித்ததை உன்னிடம் சொன்னால் உனக்கு வலிக்குமோ என்று பேசாமல் இருக்கிறான். நீயே அவனைக் கூப்பிடு. நன்றி என்றெல்லாம் சொல்ல வேண்டாம். "ஏலே, நீ பிடிச்சியாமே" என்று கேள். போதும்.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். கொட்டுச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வீட்டைக் கழுவிவிட வேண்டும் இல்லையா? ஆச்சி படுத்திருந்த இடத்தில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்று குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னோடு பீடி சுற்றுகிற என் செட்டுப் பெண்கள் மூன்று பேரும் என் கையில் இருந்து குடத்தை வாங்கிக்கொண்டார்கள். என்னை நடையில் உட்காரவைத்துவிட்டு, அவர்களே கழுவி முடித்தார்கள்.

அப்புறம் பீடி விஷயம். பதினாறு நாளும் நான் பீடித் தட்டைத் தொடவில்லை. பீடிக் கடையில் வரவு எழுதுகிற பாஸில் நாள் குறைந்தால் பி.எஃப். குறையும் என்பது உனக்குத் தெரியும். விசேஷம் முடிந்து பயந்துகொண்டே பாஸை எடுத்துப் பார்த்தால், ஒரு வேலை நாள்கூட விடாமல் வரவு எழுதியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் என் இலையையும் தூளையும் கடையில் வாங்கி, ஆளுக்கு 200 பீடி என்று பிரித்துக்கொண்டு, தங்கள் கணக்கை முடித்த பிறகு ராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்து சுற்றியிருக்கிறார்கள். 200 பீடி என்றால் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குனிந்திருக்க வேண்டும். ஒருத்திக்குக் கழுத்து வலி, இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. "ஏன் சொல்லல" என்று கேட்டேன். "சொன்னா வேண்டாம்பியே" என்றார்கள். உண்மைதான், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உன்னை மாதிரியே நானும், அவர்களுக்கு எதற்குக் கஷ்டம் என்று நினைக்கிற ஆள்தான்.

ஒருத்தி மட்டும் வரவில்லை. என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவள், மேலத்தெருவில்தான் இருக்கிறாள். துஷ்டிக்கும் வரவில்லை, விசேஷத்துக்கும் வரவில்லை. மனசுக்குள் கோபமாக இருந்தேன். இருபதாம் நாள் சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்று வருஷம் முன்னால் அவள் வீட்டுக்காரர் போனதில் இருந்து, கொட்டுச் சத்தம் கேட்டாலே அவளுக்குக் கால் துவண்டுவிடுகிறதாம். அன்றைக்கு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாளாம். அதற்குப் பிறகு நாலு நாளாகத் தினமும் சாயங்காலம் வருகிறாள். கூட்டம் எல்லாம் போன பிறகு வருகிற ஆள் எவ்வளவு பெரிய துணை என்று இப்போது தெரிகிறது. அவளிடம் நான் அழுவதில்லை. ஆச்சி எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தலை பின்னிவிட்டது, மழையில் நனைந்து வந்தால் திட்டியது, இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உன் கல்லுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் போனில், "ஆச்சி போன வாரம் கூப்பிட்டா, நான் எடுக்கலம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்குப் போன் போட்டுக் கொடுத்தது நான்தான் ராசா. மணி அடித்து நின்றதும், "பிள்ளைக்கு வேலை இருக்கும், அப்புறம் கூப்பிடுவான்" என்றாள். வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுத் தம்பி கொண்டுவந்த உன் போட்டோவை வந்தவரிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் நான் சொல்வது மட்டும் உனக்குப் போதாது, எனக்குத் தெரியும். அப்பா என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்காது. பெரியம்மா சொல்லித்தான் ஆறியது. உன் ரூமில் ஒருத்தரிடமாவது இதைச் சொல். அந்த எட்டுப் பேரில் ஊரில் ஒரு சாவுக்குப் போக முடியாமல் போனவர் ஒருவராவது இருப்பார். நீ சொன்னால்தான் அவரும் சொல்வார்.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நீ திணறுவாய். அதற்குத்தான் அந்தப் பொட்டலம். ஆச்சிக்குப் பிடித்த முந்திரிக்கொத்து, விசேஷத்துக்குச் செய்த அதே பக்குவத்தில் நேற்று செட்டுப் பெண்களும் நானும் சேர்ந்து சுட்டோம். பத்து நாளுக்குக் கெடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாரும் இருக்கும்போது பிரி. என்ன விசேஷம் என்று கேட்பார்கள். எங்க ஆச்சி விசேஷம் என்று சொல். ஆளுக்கு மூன்று வரும், எட்டுப் பேருக்கும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா